கடையை விட்டுப் போக வளரும் பிள்ளை, கடைக்கென்றே வளரும் பிள்ளை

வட சுமத்ராவின் தலைநகரான மேடானில் சந்தைக்குப் ‘பஜாக்’ என்றுதான் பேச்சுவழக்கு. விடிவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னாலேயே அங்கே வியாபாரம் சூடு பிடித்துவிடும். பெராஸ்தாகி மலைப்பக்கத்துக் கோசும் கேரட்டும் உருளைக்கிழங்கும் லாரிகளில் வந்து இறங்கும். பெலாவான் துறைமுகப் பக்கமிருந்து மீன் வரும். அந்த இருட்டில் மூட்டைகளுக்கு நடுவே நின்று, உரத்த குரலில் விலை பேசிச் சரக்கெடுக்கும் கூட்டத்தில் தோபா பத்தாக் இனத்து அம்மாக்களை எளிதில் அடையாளம் காணலாம். ஊரார் அவர்களை ‘இனாங்-இனாங்’ என்பார்கள். கூறுகட்டியும் தட்டில் பரப்பியும் சில்லறைக்கு விற்கும் பெண்ணுக்கு அவர்கள் மொழியில் ‘பாரெங்கெ-ரெங்கெ’ என்று பெயர். பொழுது நன்றாக ஏறிய பிறகு துணிக்கடைகளின் ஷட்டர்கள் மேலே போகும். அங்கே கல்லாவில் உட்காருகிறவர்களில் நிறையப் பேர் மேற்குச் சுமத்ராவிலிருந்து பிழைக்க வந்த மினாங்கபாவு குடும்பத்தார். சுக்காராமாய் சந்தைப் பக்கம் போனால் அவர்கள் பேச்சுதான் காதில் விழும்.

இந்த இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்காரக்கூடும். ஆனால் “எனக்கு என்ன மதிப்பு” என்ற கேள்விக்கு இருவரும் வேறு வேறு இடத்திலிருந்து பதில் எடுக்கிறார்கள். பத்தாக் அம்மா, தன் பிள்ளை ஒருநாளும் தன் தட்டுக்குப் பின்னால் உட்காரக் கூடாது என்பதற்காகவே விற்கிறாள். மினாங் அப்பா, தன் பிள்ளை தன்னைவிடப் பெரிய கடை வைக்க வேண்டும் என்று விற்கிறார். பிள்ளையின் தன்மதிப்பு எதில் ஊன்றி நிற்கிறது என்பதை இந்த வேறுபாடு பெருமளவு தீர்மானிக்கிறது என்பது என் வாதம். பத்தாக் வீட்டில்தான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன். மினாங் வீட்டைப் பக்கத்தில் வைத்தால்தான் அது சரியாகத் தெரிகிறது.

உளவியலார் தன்மதிப்பைப் பற்றிப் பேசினால் சில பெயர்கள் தவறாமல் வரும். மாரிஸ் ரோசன்பெர்க் 1965இல் பத்துக் கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார். இன்றும் உலகெங்கும் ஆய்வு மாணவர்கள் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஸ்டான்லி கூப்பர்ஸ்மித் 1967இல் வெளியிட்ட நூலில், தன்மதிப்பு உயர்ந்த பிள்ளைகளின் வீடுகளில் மூன்று விஷயங்களைக் கண்டார்: பிள்ளையை அப்படியே ஏற்றுக்கொள்வது, எல்லையைத் தெளிவாக வகுத்து அதில் உறுதியாக நிற்பது, அந்த எல்லைக்குள் பிள்ளையின் போக்குக்கு மரியாதை தருவது. டயானா பவும்ரிண்ட், வெறும் அதிகாரம் செலுத்தும் வளர்ப்பு, கண்டிப்பும் கனிவும் கலந்த வளர்ப்பு, விட்டேற்றியான வளர்ப்பு என்று வகை பிரித்தார். இவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 1890இல், வில்லியம் ஜேம்ஸ் ஒரு பின்னக் கணக்கைச் சொல்லிவைத்தார். அடைந்த வெற்றியை, அடைய நினைத்ததால் வகுத்தால் கிடைப்பதே தன்மதிப்பு. மேல் எண் கூடினால் மதிப்பு ஏறும், கீழ் எண் கூடினால் இறங்கும். சந்தை வீடுகளைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய பின்னத்தைவிடக் கைக்கு அடக்கமான கருவி எனக்குக் கிடைக்கவில்லை. பத்தாக் வீடு கீழ் எண்ணை மிக உயரத்தில் கொண்டுபோய் வைக்கிறது. மினாங் வீடு மேல் எண்ணில் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறது.

பத்தாக் என்பது ஒரே கூட்டம் இல்லை. தோபா, காரோ, சிமலுங்குன், பக்பக், அங்கோலா, மண்டாய்லிங் என்று பிரிவுகள் உண்டு. நான் இங்கே பேசுவது தோபா ஏரிக் கரையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்திலிருந்தும் மேடானுக்கு இறங்கிவந்தவர்களைப் பற்றி.

தோபா மக்கள் பரம்பரை வணிகர்கள் அல்லர். அவர்கள் காட்டுக் கற்பூரமும் சாம்பிராணியும் பல நூற்றாண்டுகளாகக் கடற்கரைக்கு இறங்கின. கரையில் நின்று அவற்றை வாங்கிக் கப்பலேற்றியவர்கள் வெளியார். பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு அப்படி வந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைப் பற்றியது. மலைமேல் இருந்தது ‘ஓனான்’ என்ற வாரச்சந்தை. சந்தை நாளில் பகையாளியைக் கண்டாலும் ஆயுதம் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. பாலிகே ஊரில், தோபா வீட்டுக் கூரையின் வடிவத்திலேயே டச்சுக்காரர் காலத்தில் எழுப்பிய சந்தைக் கட்டடங்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. நிலமும் குலப்பெயரும் ஆணுக்கு, கூடையும் தராசும் பெண்ணுக்கு என்பதுதான் ஏற்பாடு. வியாபாரம் பிழைப்புக்கு வழி. கௌரவம் வேறிடத்தில் இருந்தது.

அந்தக் கௌரவத்தைத் தோபா மக்கள் மூன்று சொற்களில் சொல்வார்கள்: ஹகபெஓன், ஹமோராஓன், ஹசங்காபோன். மக்கட்பேறு, செல்வம், ஊர் மதிக்கும் நிலை. ஜெர்மன் மிஷனரி லுட்விக் இங்வர் நோமென்சென் 1862இல் சுமத்ராவில் இறங்கி, 1864இல் சிலிண்டுங் பள்ளத்தாக்கில் காலூன்றினார். அவர் வழிவந்தவர்கள் ஊருக்கு ஊர் பள்ளி திறந்தார்கள். படித்த பையன் தோட்டக் கம்பெனியில் எழுத்தராகவும் பள்ளியில் ஆசிரியராகவும் போனான். போனவன் வெள்ளைச் சட்டையோடு ஊருக்குத் திரும்பியபோது, ஊர் மதிக்கும் நிலைக்குப் படிப்புதான் குறுக்கு வழி என்பது எல்லார் மனத்திலும் பதிந்துவிட்டது. மூன்றாவதை அடைய முதலாவதைப் படிக்க வைக்க வேண்டும், அதற்கு இரண்டாவதைச் செலவழிக்க வேண்டும். தோபா மொழியின் பெரும் பாடலாசிரியர் நாஹும் சிட்டுமொராங் (1908–1969) எழுதிய பாட்டு ஒன்றின் தலைப்பே, பிள்ளைகள்தாம் எனக்குச் செல்வம் என்ற பொருளில் அமைந்தது. உடுத்த நல்ல துணி இல்லாவிட்டாலும் பிள்ளை படிப்பை நிறுத்தாத தாயை நினைக்கும்போதெல்லாம் தோபா வீடுகளில் அந்தப் பாட்டுதான் வாயில் வரும்.

இந்தப் பின்னணியோடு ஒரு மீன்கடை அம்மாவின் வீட்டுக்குள் போவோம். அவள் கிளம்பும்போது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அரிசி கழுவி உலை வைப்பது, தம்பி தங்கையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் மூத்த மகளின் வேலை. அப்பா பஸ் ஓட்டுபவராக இருக்கலாம், கூலி வேலையில் இருக்கலாம், ‘லாப்போ’ என்ற கள்ளுக்கடையில் சதுரங்கம் ஆடிக்கொண்டும் இருக்கலாம். மத்தியானம் வாக்கில் அம்மா திரும்புவாள். கையில் செதில் வாடை போயிருக்காது. உட்கார்ந்ததும் இடுப்புப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து அடுக்குவாள். நாளைய சரக்குக்கு ஒரு கட்டு, தினவசூல்காரனுக்கு ஒரு கட்டு, ‘ஜூலா-ஜூலா’ சீட்டுக்கு ஒரு கட்டு, மூத்தவனின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு கட்டு. இதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். தன் படிப்புக்கு என்ன விலை என்பதை வேறெந்தப் பிள்ளையும் இவ்வளவு துல்லியமாக அறிந்திருக்க மாட்டாது. எத்தனை கிலோ மீன் விற்றால் ஒரு பருவத்துக் கட்டணம் என்பது அவர்களுக்கு வாய்ப்பாடு.

இந்த அறிவு பிள்ளைக்குள் இரண்டு வேலை செய்கிறது. எனக்காக ஒருத்தி இரவெல்லாம் விழிக்கிறாள், அப்படியென்றால் நான் விலைமதிப்புள்ளவன் என்ற உறுதியைத் தருகிறது. அந்த விழிப்புக்கு ஈடாக நான் ஏதாவது ஆகியே தீர வேண்டும் என்ற கடனையும் தலையில் ஏற்றுகிறது. வக்கீல், நீதிபதி, ராணுவ அதிகாரி, டாக்டர், அரசு ஊழியர் என்று அந்தக் கடனை அடைக்கும் வழிகள் சிலதான். கீழ் எண் உயர்வது இப்படித்தான்.

பெயர் வைக்கும் முறை இந்தக் கடனை இன்னும் இறுக்குகிறது. முதல் பிள்ளை பிறந்ததும் தோபா அப்பாவும் அம்மாவும் தங்கள் சொந்தப் பெயரால் அழைக்கப்படுவது ஏறக்குறைய நின்றுபோகும். இன்னாரின் அப்பா, இன்னாரின் அம்மா என்று பிள்ளை பெயரை ஒட்டியே ஊர் அவர்களைக் கூப்பிடும். பெயர் கொடுத்த பிள்ளைக்குப் ‘பங்கோவாரான்’ என்று மரியாதை. பேரப்பிள்ளை பிறந்தால் தாத்தா பாட்டிக்கும் அதே முறை. சந்தையில் அந்த அம்மாவைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் பெயர் ஒலிக்கிறது. பிள்ளை தவறினால் தலைகுனிவது அவள் பெயர்.

வீட்டில் பேச்சு கறாராக இருக்கும். பாராட்டு அரிது. முதல் மதிப்பெண் வாங்கி வந்தால் “அடுத்த தடவையும் வாங்கு” என்பதோடு சரி. குரல் உயர்ந்தே இருக்கும். ஏரிக்கரைப் பேச்சின் இயல்பு அது, கோபம் என்று வெளியார் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். பவும்ரிண்டின் வகைப்பாட்டை அப்படியே வைத்தால் இந்த வீட்டை ‘அதிகாரம் செலுத்தும் வளர்ப்பு’ என்ற கட்டத்தில் போட்டுவிட வேண்டியதுதான். அங்கேதான் தவறு நேர்கிறது என்று நினைக்கிறேன். ரூத் சாவ் 1994இல் சீனக் குடும்பங்களைப் பற்றி எழுதும்போது, அமெரிக்க நடுத்தர வர்க்கத்துக்கு அதிகாரமாகத் தெரிவது அந்த வீடுகளில் அக்கறையும் பயிற்சியுமாகப் பொருள்படுவதைக் காட்டினார். தோபா வீட்டுக்கும் இது பொருந்தும். அதட்டும் அதே அம்மா, மகனை ‘அமாங்’ என்றும் மகளை ‘இனாங்’ என்றும் கூப்பிடுவாள். அப்பா, அம்மா என்று பெற்ற பிள்ளையையே அழைக்கும் அந்த வாஞ்சையைத் தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூப்பர்ஸ்மித் சொன்ன மூன்றில் முதல் இரண்டும் இந்த வீட்டில் உண்டு. ஏற்றுக்கொள்ளுதல் வாய்ச்சொல்லாக வராமல் உழைப்பாக வருகிறது, அவ்வளவுதான். குறைவாக இருப்பது மூன்றாவது: பிள்ளை தன் போக்கில் ஒன்றை விரும்பினால் அதற்கு இடம்.

வீட்டுக்கு வெளியே வந்தால் இன்னொரு கணக்கு இருக்கிறது. பத்தாக் பிள்ளைக்குப் பிறந்த நாள் முதல் யாரும் பறிக்க முடியாத ஒரு மதிப்பு உண்டு. அது ‘மர்கா’ என்ற குலப்பெயர். இரண்டு தோபாக்காரர்கள் முதல்முறை சந்தித்தால் மர்கா கேட்டு, தலைமுறை எண்ணி, யார் யாருக்கு என்ன முறை என்று தீர்த்துக்கொண்ட பிறகுதான் மேலே பேச்சு. இதற்கு மேல் ‘தாலிஹான் நா தோலு’ என்ற மூன்றுகல் அடுப்பின் முறை இருக்கிறது. பெண் கொடுத்த வீட்டாரான ஹுலா-ஹுலாவை வணங்கு, பெண் எடுத்த வீட்டாரான போருவிடம் கனிவாக இரு, சகக் குலத்தாரிடம் கவனமாக நட. ஒருவர் எல்லா இடத்திலும் மேல் என்பதும் இல்லை, எல்லா இடத்திலும் கீழ் என்பதும் இல்லை. தன் குலத்துப் பெண்ணை எடுத்தவர் வீட்டு விசேஷத்தில், பகலில் மூட்டை சுமக்கும் அப்பா ஹுலா-ஹுலாவாக முன்வரிசையில் உட்காருவார். பெரிய அதிகாரியாக இருந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் அவர் முன் பணிந்து நிற்க வேண்டும். அவர் எழுந்து உலோஸ் துணியை மணமக்கள் தோளில் போர்த்தி ஆசி சொல்வார். அறுத்த விலங்கில் எந்தத் துண்டு யாருக்கு என்பதுகூட முறைப்படி. அந்தப் பங்குக்கு ‘ஜம்பார்’ என்று பெயர். இறைச்சியில் பங்கு இருப்பதுபோலப் பேசும் உரிமையிலும் பங்கு உண்டு. பள்ளியில் “மீன்காரி மகன்” என்று கேலி கேட்ட பையன், சனிக்கிழமை கல்யாணத்தில் தன் அப்பாவுக்கு நடக்கும் இந்த மரியாதையைப் பார்க்கிறான். பணத்தாலோ படிப்பாலோ வராத மதிப்பு ஒன்று தன் வீட்டுக்கு இருக்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்காது.

தேவாலயமும் இதற்குத் துணை. கிறிஸ்துமஸுக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு வசனம் மனப்பாடமாகச் சொல்வார்கள். சந்தை அம்மாக்கள் கையில் இருந்ததைச் சுரண்டி வாங்கிய புதுத்துணியில் அந்தக் குழந்தை ஊர் முன்னால் வாய் திறந்து பேசுகிறது. நாலு வரிதான். ஆனால் கூட்டத்தின் முன் நடுங்காமல் நிற்கும் பத்தாக் வக்கீல்களின் பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

டிசம்பர் 31 இரவுக்கு வருவோம். வளர்ப்பும் தன்மதிப்பும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் அது. நள்ளிரவு மணி அடித்ததும் குடும்பம் முழுவதும் பாயில் வட்டமாக உட்காரும். பாட்டு, ஜெபம். அதன் பிறகு ‘மண்டோக் ஹதா’, அதாவது முறை வைத்துப் பேசுதல். வழக்கமாகக் கடைக்குட்டியிலிருந்து தொடங்கும். ஆறு வயதுப் பிள்ளையும் பேச வேண்டும். இந்த வருஷம் செய்த தப்புக்கு மன்னிப்பு, பெற்றோருக்கு நன்றி, வரும் வருஷம் என்ன செய்யப்போகிறேன் என்ற உறுதி. பாதியில் அழுகை வரும். ஒருவர் சொல்லிமுடிக்கும் வரை மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது. எல்லாரும் பேசிய பிறகு அம்மாவும் அப்பாவும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வார்கள். வருஷம் முழுக்க வராத பாராட்டு அன்றைக்கு வரலாம். கல்லூரியில் தேறாதவனுக்கு, வேலை தேடி அலைபவனுக்கு, அக்காள் தங்கைகள் முன்னால் அதுவும் சொல்லப்படும். இந்த ஓர் இரவை நல்லபடியாகக் கடந்தவர்கள் அதை வாழ்நாள் முழுதும் ஆசையோடு நினைக்கிறார்கள். சொல்ல வெற்றி ஒன்றும் இல்லாதவர்கள் அந்த இரவுக்கு ஊருக்கு வராமல் இருக்கக் காரணம் தேடுகிறார்கள். இரண்டையும் ஒரே சடங்குதான் செய்கிறது.

இனி மினாங் வீடு. மினாங்கபாவு சமூகம் தாய்வழி. வீடும் பரம்பரை வயலும் பெண்ணுக்கு, குலமும் தாயினது. பையனுக்குத் தாய்வீட்டில் தனி அறை கிடையாது. பழைய நாளில் ஏழெட்டு வயதானதும் அவன் ‘சுராவ்’ என்ற தொழுகைக் கூடத்தில்தான் தூங்குவான். குர்ஆன் ஓதவும் சிலாட் தற்காப்புக் கலையும் அங்கேயே பழகுவான். வளர்ந்ததும் ‘மெரந்தாவ்’, அதாவது பிழைக்க வெளியூர் போதல். மோக்தார் நாயிம் இதைப் பற்றி எழுதிய பெருநூல் 1979இல் வந்தது. மத்திய அரசை எதிர்த்து 1958இல் தொடங்கிய பிஆர்ஆர்ஐ கிளர்ச்சி தோற்றபிறகு ஊரைவிட்டுக் கிளம்பிய மினாங்காரர்களின் தொகை இன்னும் கூடியது. மேடான் நகரத்தில் மினாங்கபாவு மக்களையும் மண்டாய்லிங் மக்களையும் அருகருகே வைத்து உஸ்மான் பெல்லி ஓர் ஆய்வுநூல் எழுதியிருக்கிறார். வெளியூர் போகும் ஒவ்வோர் இனமும் தன்னோடு ஒரு நோக்கத்தையும் சுமந்துபோகிறது என்பது அவர் பார்வை. அந்தப் பார்வைக்கு இந்தக் கட்டுரை கடன்பட்டிருக்கிறது.

மினாங் துணிக்கடையில் பையன் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பள்ளிவிட்டு வந்து நிற்பான். முதலில் மடிப்பது, அடுக்குவது. அடுத்து வாடிக்கையாளரைக் கூப்பிடுவது. பிறகு விலை சொல்வது. எவ்வளவு வரை இறங்கலாம் என்பதைத் தந்தையோ மாமனோ கண்ணாலேயே சொல்வார்கள். ஒருநாள் பெரியவர் தொழுகைக்கு எழுந்து போகும்போது கல்லாச் சாவி அவன் கைக்கு வரும். அன்று அவன் விற்ற மூன்று சட்டைக்கும் கணக்குக் கேட்பார்கள், குறைத்து விற்றிருந்தால் எங்கே தப்பு என்று காட்டுவார்கள். தனியாகத் தொழில் கற்க வருகிறவனுக்கு ‘அனாக் காலே’ என்று பெயர், முதலாளிக்கு ‘இண்டுவாக் சமாங்’. சில ஆண்டு உழைத்தால் முதலாளியே சரக்குக் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தருவது வழக்கம். பாடாங் உணவுக்கடைகளில் சம்பளத்துக்குப் பதில் ‘மாத்தோ’ என்ற பங்குக் கணக்கு உண்டு. தட்டுக் கழுவுபவனுக்கும் லாபத்தில் ஒரு பங்கு. பையனின் மேல் எண்ணில் இப்படித்தான் தினம் ஒன்று சேர்கிறது. தேர்வு முடிவுக்காக வருஷம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைய விற்பனை அன்றைக்கே சொல்லிவிடும்.

மினாங் வீட்டில் படிப்புக்கு மதிப்பில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்தோனேசியாவின் முதல் துணை அதிபர் முகமது ஹத்தா, புக்கிட்டிங்கியில் வணிகம் செய்த தாய்வழிக் குடும்பத்தில் வளர்ந்து நெதர்லாந்து வரை போய்ப் பொருளாதாரம் படித்தவர். அங்கே படிப்பும் கடையும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பதுதான் விஷயம். பத்தாக் வீட்டில் படிப்பு வெல்ல வேண்டுமானால் தட்டு தோற்க வேண்டும்.

மினாங் வளர்ப்பில் பேச்சுக்குத் தனிப் பயிற்சி. ‘காத்தோ நான் அம்பே’ என்று நான்கு வகைப் பேச்சு: மூத்தவரிடம் ஏறிப் பேசுவது, இளையவரிடம் இறங்கிப் பேசுவது, சமவயதினரிடம் சமமாகப் பேசுவது, சம்பந்திகளிடமும் மதிப்புக்குரியவர்களிடமும் சாய்வாகப் பேசுவது. பத்தாக் பிள்ளை நேருக்கு நேர் பேசக் கற்கிறது. மினாங் பிள்ளை சுற்றி வளைத்துப் பேசக் கற்கிறது. அந்தச் சுற்றுப் பேச்சுக்குள் ‘சிமேஎ’ என்ற நையாண்டி ஒளிந்திருக்கும். தடுக்கி விழுந்தவனைச் சுற்றமே சிரித்துச் சிரித்துக் குத்தும். பத்தாக் வீட்டு அதட்டலைவிட இது ஆழமாகப் பாயக்கூடியது என்று நினைக்கிறேன். அதட்டலுக்கு அழலாம், நையாண்டிக்குக் கூடவே சிரிக்க வேண்டும். கணக்குத் தீர்க்கும் நாளும் அங்கே உண்டு. ரம்ஜானுக்குக் கூட்டமாக ஊர் திரும்பும்போது யார் எதில் வந்தார், யாருக்கு என்ன கொண்டுவந்தார் என்று கிராமமே பார்க்கும்.

தாய்மாமன் இரு வீட்டிலும் பெரிய ஆள். ஆனால் வேலை வேறு. மினாங் மாமனான ‘மமாக்’ கண்டிப்பவர், மருமகனை வழிநடத்தும் பொறுப்பு அவருடையது. பெற்ற தந்தை அதனால் கொஞ்சம் மென்மையாக இருக்க முடிகிறது. தோபா மாமனான ‘துலாங்’ ஆசி தருபவர், செல்லம் கொடுப்பவர். கண்டிப்பு முழுவதும் பெற்றவர்கள் தலையில். மேடானில் துலாங் வேறு பேட்டையில், மமாக் ஊரிலேயே என்று சிதறிவிட்ட குடும்பங்களில் இந்தப் பங்கீடு குலைகிறது. பத்தாக் வீட்டுக்கே அதில் இழப்பு அதிகம். அதட்டல் மிஞ்சுகிறது, அதை ஆற்றும் கை தொலைவில் இருக்கிறது.

பிள்ளைகள் என்று பொதுவாகவே பேசிவந்தேன். உண்மையில் மகனையும் மகளையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் இந்த ஒப்பீடு முழுமையாகும். பத்தாக் மகனுக்கு இடம் பிறப்பிலேயே உண்டு, குலப்பெயரைக் கொண்டுசெலுத்துபவன் அவன். மகள் ‘போரு’, இன்னொரு குலத்துக்குப் போகப்போகிறவள். மினாங் மகளுக்கு வீடு பிறப்பிலேயே உண்டு. மகன்தான் வெளியே போய்த் தன்னை நிரூபிக்க வேண்டியவன். மினாங் மகளுக்கு ‘சும்பாங் துவோ பாலே’ என்று உட்கார்வது, நடப்பது, பேசுவது உட்படப் பன்னிரண்டு விஷயங்களில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் அவள் காலடியில் இருக்கும் நிலம் அவளுடையது.

பத்தாக் மூத்த மகளின் நிலை எனக்குக் கவலை தருகிறது. சந்தை வீடு அவளை நம்பித்தான் நிற்கிறது. பத்து வயதில் உலை வைத்தவள், பதினைந்து வயதில் சனிக்கிழமைகளில் அம்மாவுக்குப் பதில் தட்டில் உட்காருகிறாள். தன் கையால் வீடு நடக்கிறது என்ற திடம் அவளுக்கு உண்டு. அந்தத் திடம் உண்மையானது. ஆனால் தேவைப்படுவதும் மதிக்கப்படுவதும் ஒன்றில்லை. கட்டணம் இருவருக்குப் போதாது என்று வந்தால் யார் நிற்பது என்று வீட்டில் பேசுவதேயில்லை, அவளே நின்றுவிடுகிறாள். இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் 1961இல், காரோ பகுதியில் எழுந்த வழக்கொன்றில், மகனுக்கும் மகளுக்கும் சொத்தில் சமபங்கு என்று தீர்ப்பளித்தது. சட்டம் அன்றே பேசிவிட்டது. தீர்ப்பைக் காட்டிப் பங்கு கேட்கும் மகளைச் சொந்தபந்தம் எப்படிப் பார்க்கும் என்பது வேறு கதை, அதனால் பலர் கேட்பதேயில்லை. பெனெ டியோன் ராஜாகுக்குக் இயக்கி 2022இல் வெளிவந்த ‘ங்கெரி-ங்கெரி செடாப்’ என்ற படத்தில் தோபா ஏரிக்கரைக் குடும்பம் ஒன்று வருகிறது. மூன்று மகன்கள் அப்பாவோடு முரண்பட்டு வெளியூரில் இருக்க, ஒரே மகள் தன் ஆசைகளை விட்டுக்கொடுத்துப் பெற்றோரோடு தங்கிவிடுகிறாள். மகன்களின் கோபம் எல்லாருக்கும் தெரிகிறது. அவளுடையது கடைசியில்தான் வெடிக்கிறது. அந்தப் படத்துக்கு இந்தோனேசியாவில் அவ்வளவு பெரிய கூட்டம் வந்ததற்கு அந்த மகளும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

தோல்வி வரும்போது இரு வளர்ப்பின் வேறுபாடும் பளிச்சென்று தெரியும். மினாங் பையன் கல்லூரியில் தேறாவிட்டால் கடை இருக்கிறது. அவன் கை விட்டுப்போன தொழிலுக்கு வரவில்லை, தெரிந்த தொழிலுக்கு வருகிறான். பத்தாக் பையன் ராணுவத் தேர்விலோ அரசுப் பணித் தேர்விலோ மூன்றாம் முறை தவறினால் அவனுக்குத் திரும்ப இடமில்லை. தட்டு என்னவோ அங்கேயேதான் இருக்கிறது, அம்மாவும் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அவள் இருபது வருஷ உழைப்புக்கு அர்த்தமில்லை என்று இருவருமே நினைக்கிறார்கள். அவனுக்கு விற்கவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜெனிஃபர் கிராக்கரும் கானி வுல்ஃபும் 2001இல் எழுதியதுபோல, தன்மதிப்பு எவ்வளவு என்பதைவிட அது எதைச் சார்ந்து நிற்கிறது என்பதே பல நேரம் முக்கியமாகிறது. குலப்பெயரைச் சார்ந்த மதிப்பு தேர்வில் தவறியதும் போய்விடாது. அந்தப் பையன் தரையில் விழாமல் தாங்குவது பெரும்பாலும் அதுதான். ஆனால் நண்பர்கள் வேலையில் சேர்ந்து, கல்யாண வீடுகளில் மொய்யெழுதும் நிலைக்கு வந்த பிறகு, குலப்பெயர் மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே பத்தாக் சந்தைப் பிள்ளைகளிடம் ரோசன்பெர்க் தாளைக் கொடுத்து, கூட்டுத்தொகையை வளர்ப்பு வகையோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கு ஒரு வேண்டுகோள். “மற்றவர்களுக்குச் சமமான மதிப்புள்ளவன் நான்” என்ற பொருளில் வரும் கூற்றுக்கு இந்தப் பிள்ளை தன் மர்காவை நினைத்து ஆம் என்பான். “மொத்தத்தில் நான் தோற்றவன்” என்ற பொருளில் வரும் கூற்றுக்கு அம்மாவின் தட்டை நினைத்து ஆம் என்பான். இரண்டையும் கூட்டினால் நடுத்தர மதிப்பெண் வரும், அவனுக்குள் நடக்கும் எதையும் அது காட்டாது. கூற்றுகளைத் தனித்தனியே படிக்க வேண்டும். எத்தனையாவது பிள்ளை, மகனா மகளா, அம்மா கடைக்குப் போகும்போது வீட்டைப் பார்ப்பது யார் என்பதையும் கேட்க வேண்டும்.

அம்மாக்களிடமும் அதே தாளைக் கொடுக்க வேண்டும். பிள்ளையின் பெயரால் அழைக்கப்படுகிறவள், பிள்ளையின் பட்டத்தில் தன் முகத்தைப் பார்க்கிறவள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல், அவள் பிள்ளையிடம் ஏற்றிவைத்த எண் எவ்வளவு என்று நமக்கு விளங்காது. சரக்கெடுக்கும் நேரத்தில் போனால் பதில் வராது. காலைக் கூட்டம் கலைந்து, தட்டில் மிச்ச மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பத்து மணிக்கு மேல் போனால், பத்துக் கூற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வாள்.